மாடிக் கணக்கு

காலை எட்டு மணிக்கு மொட்டைமாடி ஏறி
நேற்றைய கண்ணாடிச் சில்லை எடுத்துவிட்டு
வாஸ்லின் தடவிய புதுச் சில்லை வைப்பேன்.
இரண்டு தகரத் தட்டுகளுக்கு நடுவே
ஒரு பகலும் ஓர் இரவும்
அது காற்றைப் பார்த்துக் கிடக்கும்.
இவ்வளவுக்குத்தான் ஆஸ்பத்திரி சம்பளம் தருகிறது.
மீதியை மரங்கள் செய்கின்றன.

நுண்ணோக்கிக்கு அடியில்
பனை, சிறு படகு.
தைலமரம், மூலை மழுங்கிய முக்கோணம்.
கருவேலம் மட்டும் தனியே வராது;
மணமேடையில் யாரோ வாழ்த்தி அனுப்பியதுபோல்
பதினாறும் ஒட்டிக்கொண்டு வரும்.
அதை ஒன்று என்பதா, பதினாறு என்பதா?
முதல் வருடம் டாக்டர் ஹசீனாவிடம் சண்டையே போட்டேன்.
ஒன்று என்று எழுது, என்றார்.
தொண்டைக்குள் ஒன்றாகத்தானே போகிறது.

மாசிக் காலையில் ஈரம் கனக்கும்,
மகரந்தப்பை வாய் திறக்காது.
பத்து மணி வெயில்
சேர்வராயன் முதுகில் விழுந்து பாறை சுட்டதும்
அடிவாரத்துத் தூளை வாரிக்கொண்டு
காற்று மலை ஏறும்.
பொழுது சாய, மலை குளிர,
ஏறியது இறங்கும்.

அந்தக் காற்றோடு ஏறி அந்தக் காற்றோடு இறங்குபவர்
ஏற்காடு பஸ் டிரைவர் அர்த்தனாரி.
ஏழாவது கொண்டை ஊசி வளைவில் மூக்கு நமைக்குமாம்.
ஸ்டாண்டில் கிளம்பும் நேரம்
ஒற்றைத் தும்மல் போட்டுவிட்டால்
முன் சீட்டு அம்மா கூடையோடு இறங்கிவிடும்.
அதற்காகவே முகத்தைக் கோணி
இரண்டாவதை வரவழைத்துக்கொள்வார்.

மார்ச் பதினெட்டு. வெயில் முப்பத்தெட்டு, மேல்காற்று.
நானூற்றுப் பன்னிரண்டு.
மார்ச் பத்தொன்பது. இலை அசையவில்லை.
முப்பது.
மீதியெல்லாம் அந்தந்த மரத்தடியிலேயே
மஞ்சளாய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு மழை வந்தால் கழுவிவிடும்,
இன்ஹேலரை இறுக்கிப் பிடித்திருப்பவர்களிடம்
நானே சொல்லியிருக்கிறேன்.

பங்குனி எட்டாம் நாள் சாயங்காலம்
கருமேகத்துக்கு முன்னால் ஒரு குளிர்காற்று ஓடி வந்தது.
புழுதி, பாலிதீன் பை, யாரோ காயப்போட்ட பாவாடை.
பிறகு துளிகள்,
ஒவ்வொன்றும் எட்டணா அகலம்.
மண்வாசனை, மண்வாசனை என்று
அஸ்தம்பட்டியே ஜன்னலைத் திறந்துவைத்தது.
முதல் ஈரத்தில் மகரந்தம் ஊறி,
உப்பி,
வெடித்துக்கொண்டிருந்தது.
மூக்குமயிரும் தடுக்காத பொடி.

ராத்திரி பத்துக்குள் பதினேழு பேர்.
நெபுலைசர் ஐந்து.
அர்த்தனாரி காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு
பெஞ்சு விளிம்பில் குனிந்திருந்தார்.
கோரிமேட்டுல…
ஓரங்கட்டிட்டேன்…
நாப்பத்திரண்டு பேரு…
எல்லாரும் பத்திரமா…
அந்த ஒரு வாக்கியத்துக்கு ஆறு மூச்சு.

மறுநாள் சில்லில் எண்ணினேன். பதினொன்று.
மறுபடி எண்ணினேன். பதினொன்று.
உடையாத உருண்டைகளுக்குத்தான்
என் நோட்டில் கட்டம் இருக்கிறது.
பதினேழு பேர் வந்த ராத்திரிக்குப் பதினொன்றா?
டாக்டர் கேட்டார்.
குறிப்பு என்ற இடத்தில்
மழை என்று எழுதி, அடித்து,
முதல் மழை என்று எழுதினேன்.

அப்புறம் மூன்று நாள் விடாத தூறல்.
பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.
துடைத்த மூக்குக்கண்ணாடி மாதிரி சில்லு.
வார்டில் விரிப்பு மாற்றினார்கள்.

பத்தாம் நாள் அர்த்தனாரி போன் செய்தார்.
அதே மழைக்கு மேலே காபி பூத்துவிட்டதாம்.
எஸ்டேட் முழுக்க வெள்ளை மேடம்,
வந்து எண்ணுங்க பார்ப்போம்!
காபித் தூள் பிசுபிசுப்பு,
இருபது வளைவும் இறங்கி
என் மாடிவரை வராது, என்றேன்.
அவர் கேட்கவில்லை.
பஸ் இன்ஜின் உறுமுகிறது.
கண்டக்டர் விசில்.
யாரோ படியில் கூடையை ஏற்றும் சத்தம்.

ஒரு தும்மல்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு
இரண்டாவதுக்காக நின்றேன்.