மூன்றாவது வேற்றுக்கிரகவாசி

நான்தான் அந்த மூன்றாவது ஆள்.
நாற்பத்தோராம் நிமிடத்தில்
தபால் நிலையத்தை எரிக்க வந்து
இழுக்க வேண்டிய கதவைத்
தள்ளிக்கொண்டே நிற்பவன்.
தலையில் மாட்டியிருந்தது சவுனா வாளி.
உடம்பெல்லாம் கூரைக்கு அடிக்கும் வெள்ளித்தாள்.
முகம் தெரியாத நடிகனுக்கு ஒரு வசதி:
படம் முடிந்ததும் மன்றத்து வாசலில்
கோட்டுகள் தொங்கும் இடத்தில் போய்
என் கோட்டைத் தேடுவதுபோல் நின்றுகொண்டேன்.

கிவியோலியில் நவம்பர் என்றால் நாலு மணிக்கே இருட்டு.
நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள்.
ஹெய்கி எதிர்பார்த்தது நாற்பது.
ஹெய்கிதான் இயக்கம், ஒளிப்பதிவு, தேநீர்.
மற்ற நாட்களில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன்.
அதனால்தான்
பூமியை அழிக்க வந்த விண்கலம்
இடப்பக்கம் திரும்புமுன்
முறையாக விளக்கைச் சிமிட்டுகிறது.

முதலில் வந்தது ரொட்டிக்கடை லெய்தா.
‘கயிறு தெரிஞ்சுது’ என்றாள்.
‘யாருக்கும் தெரியலை’ என்றது பின்னால் ஒரு குரல்.
‘எனக்குத் தெரியும். துணி காயப்போடுற என் கயிறு.
ஜூன்ல வாங்கிட்டுப் போனான், இன்னும் வரலை.’

மாரெத்துக்கு வேறு மனத்தாங்கல்.
ஓடுகிற கூட்டத்தில் மொத்தம் பதினேழு பேர்,
சுற்றிச் சுற்றி ஓடினோம்.
அவள் இரண்டு தடவை சாகிறாள்,
ஒரே தொப்பியில்.
‘ரெண்டாவது சாவுதான் நல்லா வந்தது,
அதை வெட்டிட்டான்’ என்றாள்.

கல்யூ முப்பது வருஷம் சுரங்க லாரி ஓட்டியவர்.
‘சாம்பல் மலையைக் காட்டிச் செவ்வாய்ங்கிறான்.
அதுல பாதி நான் கொட்டினது.’
ஆளில்லாத பக்கம் திரும்பி
இன்னொரு முறை சொன்னார், வேறு குரலில்:
‘பாதி நான் கொட்டினது.’
கதைப்படி அவர்கள் வருவது
எங்கள் எரியும் கல்லுக்காக.
‘இவ்வளவு தாமதமாவா வர்றது’ என்று
பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பிறகுதான் சண்டை.
வேற்றுக்கிரகவாசிகள் பேசியது
பின்னோக்கி ஓடவிட்ட ரஷ்யன் என்றார்கள் எஸ்தோனியர்கள்.
சந்தேகமே இல்லை, எஸ்தோனியம்தான்,
அதுவும் நக்கலாக, என்றார்கள் ரஷ்யர்கள்.
மேலங்கியை ஒரு கையில் மட்டும் மாட்டியபடி
ஐந்தாறு பேர் நின்று வாதாடினார்கள்.
ஒரே குடியிருப்பில் இருபது வருஷமாய்
படிக்கட்டில் தலையசைத்ததோடு சரி;
அன்றைக்குத்தான் ஒருவர் மூக்கருகே இன்னொருவர்
விரல் நீட்டும் அளவுக்கு நெருங்கியிருந்தார்கள்.
அது ஹெய்கி வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம்.
கடைசிச் சுற்று.
நான் வாயைத் திறக்கவில்லை.

தாலினிலிருந்து வந்த, கழுத்துக்குட்டை கட்டிய இளைஞன்
கதவுக் காட்சியை மெச்சினான்:
அதிகாரத்தின் முன் கையறு நிலை,
திட்டமிட்ட அபத்தம்.
வாளிக்குள் கண் தெரியாது, ஐயா.
அவ்வளவுதான் திட்டம்.

ஒரு பையன் அம்மாவைக் கேட்டான்:
‘அவங்க திரும்பிப் போனப்போ ஏன் யாருமே டாட்டா காட்டலை?’
அம்மா அவன் ஜிப்பைத் தாடைவரை இழுத்துவிட்டாள்.

கூட்டம் கரைந்தது. என் கோட்டு மட்டும் கொக்கியில்.
கடைசியாக வந்தாள் ஸினயீதா,
அந்தத் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள்.
பார்த்துப் பார்த்துக் குட்டையைக் கட்டினாள்.
‘படம் சுமார்’ என்றாள், யாரிடம் என்றில்லாமல்.
‘அந்தக் கதவுக்காரன் மேலதான் பாவமா இருந்தது.
நான் ப்ஸ்கோவிலிருந்து வந்த முதல் நாள்
அதே கதவைத் தள்ளிக்கிட்டே நின்னேன்.
இழுன்னு எழுதியிருந்தது. எனக்கா அந்த எழுத்து தெரியும்?
உள்ளே இருந்தவங்க பார்த்துக்கிட்டே இருந்தாங்க,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
நல்லா ஞாபகம் இருக்கு, ஆறு பேர்.’

சொல்லிவிட்டு
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
நான் கைக்குக் கிடைத்த கோட்டை மாட்டினேன். என்னுடையதுதான்.

‘கழுத்து இன்னும் வலிக்குதா?’

‘ஜூனிலிருந்து’ என்றேன்,
அவள் மொழியில்,
தப்பும் தவறுமாக.