தெற்குச் சுவர்

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது.
நான் விரலைத்தான் விட்டேன்,
ஜன்னலின் அடிக்கட்டையில்.
இரண்டாம் கணு வரை போனது,
ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல.

விஸ்மா அதைப் பார்க்கவில்லை.
தன் வீட்டுக் கணப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்:
மேற்குக் காற்றென்றால் புகை ஒழுங்காக ஏறுமாம்.
லியெபாயாவில் மேற்குக் காற்று என்றைக்கு நின்றது
என்று ரைட்டிஸ் சிரித்தான்.
கிழக்கே அடித்தால்?
ஜன்னலைத் திறந்துவிடுங்கள், என்றாள்.

நான் விரலை உருவி
கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்
அந்த வீட்டை நான்தான் உடைத்ததுபோல.

நூற்றுப்பத்து வயது மரவீடு.
கடலைப் பார்த்த பக்கம்
பச்சைச் சாயம் செதில் செதிலாய் நிமிர்ந்து நின்றது.
ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய காரின் விலைதான்,
கூரையும் சேர்த்து.
கூரையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்
என்றார் உல்டிஸ்.

உல்டிஸ் நாங்கள் காசு கொடுத்துக் கூட்டிவந்தவர்.
அவர் கருவிக்கு இரண்டு ஊசிகள்.
சுவரில் குத்தினால், ஈரம் இருந்தால், கத்தும்.
வடக்கு மூலையில் இருபத்தெட்டு சதவீதம் என்று கத்தியது.
சமையலறையில் கத்தியது.
படுக்கையறையில், கட்டில் வைக்கலாம் என்று
நான் மனசுக்குள் வைத்தும் முடித்திருந்த இடத்தில்,
நீளமாகக் கத்தியது.
எண்பது யூரோவுக்கு மூன்று கத்தல்.
தெற்குச் சுவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு டார்ச்சோடு தரைக்கு அடியில் ஊர்ந்து போனார்.
அரைமணி கழித்துத் தலையெல்லாம் ஒட்டடையாய் வந்து
"சாய்ந்திருக்கிறது" என்றார.
"விழுகிறதா?"
"இல்லை. சாய்ந்திருக்கிறது."

திரும்பும் டிராமில் ரைட்டிஸ்
மருந்துக்கடை ரசீதின் முதுகில் எழுதினான்:
உத்தரம் நான்கு. மின்கம்பி முழுக்க.
கழிவுக் குழாய். (கக்கூஸ் கொல்லையில் இருக்கிறது,
ஜனவரியில் அதை யோசித்துப் பார்.)
கூரை என்று எழுதிவிட்டு
எதிரே எண் போடாமல் விட்டான்.
ரசீது முடிந்துபோனது.
பட்டியல் முடியவில்லை.

எங்கள் வாடகை வீடு ஐந்தாம் மாடியில்,
சோவியத் காலத்துக் கான்கிரீட்.
குளிருக்கும் மழைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது.
ஆணி மட்டும் அடிக்கக்கூடாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது.
ஆறு வருஷமாக எங்கள் சுவர்க்கடிகாரம்
நாற்காலியில் உட்கார்ந்து மணி காட்டுகிறது.
யாராவது விருந்துக்கு வந்தால்
அதை எழுப்பித் தரையில் உட்கார வைப்போம்.

நாளை மதியத்துக்குள் விஸ்மாவுக்குச் சொல்ல வேண்டும்.
இரவு ஷிப்டு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
எல்லாவற்றிலும் குளோரின் வாடை,
விரலில் மட்டும் காளான் வாடை.
மூன்று முறை கழுவினேன்.
நான்காம் முறை கழுவப் போய், நின்று,
முகர்ந்து பார்த்தேன்.

இரண்டு மணிக்குப் போன் செய்தேன்.
தூங்கலையா?
இல்ல. பழைய உத்தரம் விக்கிறாங்களாம்,
குல்டீகாவுல ஒரு களஞ்சியத்தைப் பிரிக்கிறாங்க.
ஓக் மரம், என்றான்.

வாங்கலாமா என்று அவன் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றுக்கு வந்து
தரை அதிர்ந்தது.

அப்ப ஒரு நாற்காலி காலியாகும், என்றேன்.
கொஞ்ச நேரம் அவனிடம் பேச்சில்லை.
அந்தச் சுவத்துல ஆணி நிக்குமா?

தெற்குச் சுவத்துல நிக்கும்.