பேட்டரி எடுத்த கடிகாரம்

மே மாதம், நியூ ஆர்லியன்ஸ்.
இருட்டியதும் தெருவே விளக்கணைத்துக்கொள்கிறது
ஈசல் வரும் என்று.

வெர்லீன் மட்டும் மறந்துபோனாள்.
காலையில் குளியல்தொட்டி நிறைய இறகு.

அல்சீட் வந்தான், முழங்காலில் துணி கட்டி.
திருப்புளியின் கைப்பிடியால்
கதவுநிலையைத் தட்டிக்கொண்டே போனான்:
டொக், டொக், டொக்,
பொத்.

“சத்தம் ஏதாவது கேட்டதா?”
கேட்டது. சமையலறைக் கடிகாரம் என்று நினைத்தாள்.
பேட்டரியைப் பிடுங்கியும் நிற்கவில்லை;
அடுத்த வீட்டு ஹொரேஸோடு சண்டைகூடப் போட்டாள்.

திருப்புளியைத் திருப்பி அழுத்தினான்.
பிடிவரை போயிற்று.
வெள்ளத்தில் ஒன்பது நாள் ஊறியும் வளையாத நிலை.
பெயின்ட்தான் நின்றுகொண்டிருந்தது, மரமாக.

கரையான் மருந்து இறங்கிப் பத்து நாள்.
வீடு அமைதி.
அவள்
கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டாள்.
படுத்தாள்.
எழுந்து போய்
எடுத்துவிட்டாள்.