பூஜ்யம் என்று எழுதியிருக்கிறது

1943. கிட்டார்: பூஜ்யம்.
கறுப்பு மையில், சாய்ந்த கையெழுத்தில்
பன்னிரண்டு மாதமும் பூஜ்யம்.
மஸ்கீகன் நூலகத்தின் கீழ்த்தளம். பேரேட்டில்
ஈர அட்டையின் வாசம்.
வெந்நீர்க் குழாய் எங்கோ முக்குகிறது.

டிரோஸ்ட் தொழிற்சாலை சொன்ன கதையும் அதுதான்:
போர் முடியும்வரை கிளைடர் இறக்கைக்கு
விலா எலும்பு செய்தோம்,
ரேடியோப் பெட்டிக்கு மூடி செய்தோம்,
வாசிக்க எதுவும் செய்யவில்லை.

அப்படியென்றால் இதுவரை என் கைக்கு வந்த
பதினோரு பொய்களுக்கும்
கழுத்து ஏன் இவ்வளவு தடிமன்?

இரும்பு இல்லை. அதனால் தடிமன்.
கழுத்துக்குள் ஓடவேண்டிய எஃகுக் கம்பி
அந்த வருஷம் ஏதோ டாங்கியின் வயிற்றில்
ஓடிக்கொண்டிருந்தது.
முகப்புக்கு அகலப் பலகை இல்லை,
நான்கு துண்டை ஒட்டியிருக்கிறார்கள்,
ஒரு துண்டின் வளையம் நெருக்கம், அடுத்ததன் வளையம் அகலம்,
ஒரே குளிரைப் பார்க்காத மரங்கள்.

நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன்.
இரவுப் பணியில், கடைசி மணிக்கட்டு முறிவும்
கட்டுப்போட்டுக்கொண்டு போனபின்
கட்டிலில் கிட்டாரைக் கிடத்துவேன்.
'பேஷன்ட் பெயர்?' என்பாள் யொலாண்டா.
இரண்டாயிரத்து நூற்றுப் பத்தொன்பது, கோடு, ஏழு.
'வயது?'
அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

படத்தில் விலாக்கள் கொக்கின் எலும்பாய்த் தெரியும்.
போருக்கு முந்தையதைவிட மெல்லியவை.
அளவுகோலில் அந்த மெலிவு கிடையாது.
கட்டை விரலால் தட்டி, காதைச் சாய்த்து,
இன்னும் ஒரு சீவல், போதும் என்று
யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

கடைசியாகக் கிடைத்த எண் நாற்பத்தாறு.
அது சஸ்கட்டூனில் ஒரு பால்காரரிடம்,
முதுகில் வாகன எண் பலகை வைத்துத் தைத்தபடி.
இருபத்திரண்டாம் எண் டுலூத்தில், அடகுக் கடையில்.
மற்றவை எரிந்திருக்கலாம், ஏதோ மாடியில்
உறையோடு தூங்கிக்கொண்டிருக்கலாம்.
ஆனால் நாற்பத்தாறு என்று எண் போட
ஒருவர் பென்சிலை நாவில் நனைத்திருக்கிறார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இங்கே கறி பரிமாறப்பட்டுவிட்டது.
சுரைக்காயைத்தான் ஏட்டில் காணோம்.

அக்டோபரில், வேறெதையோ தேடும்போது,
பசைக்காரனின் ரசீது.
மே, 1943. தோல் பசை, நாற்பது பவுண்டு.

கிளைடருக்குத் தோல் பசை ஆகாது.
ஈரம் பட்டால் இளகும்,
வானத்தில் இறக்கை பிரிந்துபோகும்.
அதற்குப் பிசின் பசை தனியாக, வேறு ரசீதில்.
தோல் பசையைச் சுடவைத்துப்
பாட்டுக்குரிய மரத்தைத்தான் ஒட்டுவார்கள்.
எல்லோரிடமும் பொய்யைச் சொல்லிவைத்தவர்
பசைக்காரனிடம் சொல்ல மறந்துவிட்டார்.

சத்தம் போட்டுச் சிரித்தேன். நூலகர் எட்டிப் பார்த்தார்.

பேரேடு எழுதியவர் ஆலிடா ரூலோஃப்ஸ்.
மகள் ஜெனீவ் வீடு ஏரிக்கரைப் பக்கம்.
காபி கொடுத்தாள். அம்மா கிட்டாரைப் பற்றிப்
பேசியதே இல்லையாம்.
'சீட்டாட்டத்தில்கூடப் பொய் சொல்ல வராது அவளுக்கு.
எழுதச் சொன்னதை எழுதியிருப்பாள்.'
கொஞ்ச நேரம் கழித்து, எதற்கும் சம்பந்தமில்லாமல்,
'ஒரு டப்பாவைத் திறந்து வைக்க மாட்டாள் வீட்டில்.
மூடு, மூடு, மூடு' என்றாள்.

மறுநாள் மறுபடி பேரேடு.
1941. பான்ஜோ: பூஜ்யம்.
தொடங்கிய இடத்திலேயே முட்டி, இறுக மூடிய வட்டம்.
1942. மாண்டலின்: பூஜ்யம். மூடிய வட்டம்.
1943. கிட்டார்.
பன்னிரண்டும் உச்சியில்
ஒரு மயிரிழை திறந்திருக்கின்றன.

பேனா முள் தேய்ந்திருக்கலாம்.
குளிரில் மை உறைந்திருக்கலாம்.
ஆனால் மாதம் பன்னிரண்டு, அதில் ஜூலையும் உண்டு.

அறிக்கையில் எழுதினேன்:
குறைந்தது நாற்பத்தாறு. சான்று: பசை.
வட்டங்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை.
யொலாண்டாவிடம் மட்டும் படத்தைக் காட்டினேன்.
விளக்குப் பெட்டியில் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தவள்
'முறிவு இல்லை' என்றாள்,
அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.