குறியீடு முப்பது

ஏணியில் கால் வைக்கும் முன்பே
கப்பலின் பின்புறத்தைப் படித்துவிடுவேன்.
வெள்ளைப் பெயின்டில் இன்றைய பெயர்.
அதனடியில் வெல்டிங் தழும்பாக ஒரு பழைய பெயர்,
அதற்கும் அடியில் இன்னொன்று.
கீழே சொந்த ஊர்: ஒரு தீவின் தலைநகர்.
இந்தக் கப்பல் அந்தத் தீவைப் பார்த்ததில்லை.
பார்க்கவும் முடியாது.
அங்கே துறைமுகத்தின் ஆழம் ஐந்து மீட்டர்,
இதற்கு வேண்டியது ஒன்பது.

கொப்பரையும் சூரை மீனும் போக
அந்த நாடு உலகத்துக்கு விற்பது தன் கொடியைத்தான்.
கொடியோடு ஒரு சட்டப் புத்தகம், ஒரு முத்திரை,
வேறெங்கோ ஒரு நகரத்தின் ஏழாவது மாடியில்
ஒரு பிரின்டர்.
சான்றிதழ் அங்கிருந்து வரும்.
துரு இங்கே வந்து சேரும்.

கத்திரி வெயில் தொடங்கி நான்காம் நாள்.
ராஜாஜி சாலையில் கன்டெய்னர் லாரிகள்
அசையாமல் உறுமிக்கொண்டிருக்கின்றன.
என் அளவில் பாதுகாப்பு பூட்ஸ் கிடைக்காது,
ஆண்கள் பூட்ஸின் நுனியில் பஞ்சு அடைத்திருக்கிறேன்.
காவலுக்கு நின்ற பையன்
சர்வேயர் எங்கே என்று எனக்குப் பின்னால் பார்க்கிறான்.
எனக்குப் பின்னால் கிரேன்தான் இருக்கிறது.

கேப்டன் ஹைதம் காப்பி தந்தார், கோப்புகள் தந்தார்.
எல்லாம் சுத்தம்.
ஓய்வு நேரப் பதிவேட்டில்
இருபத்திரண்டு பேரும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில்
தினமும் பத்து மணி நேரம் தூங்கியிருக்கிறார்கள்.
பக்கத்தில் செகண்ட் மேட் தூரா அவுங்
நின்றபடியே கண்ணை மூடித் திறந்தான்.

புத்தகத்தை மூடினேன். இனி இரும்பிடம் கேட்கலாம்.

தீயணைப்பு பம்ப் இருமியது.
ஹோஸ் நுனியில் ஒரு வாளி துருத்தண்ணீர்,
அப்புறம் வெறும் காற்று.
டேம்பர் மூடியை இழுத்தேன், பிடி கையோடு வந்தது.
உயிர்காக்கும் படகுக்குப் புத்தம் புது ஆரஞ்சுப் பெயின்ட்.
கொக்கியைச் சுத்தியலால் தட்டினேன்.
செதில் செதிலாய் உதிர்ந்ததற்குள்
இரும்பு இருக்கவேண்டிய இடத்தில்
நமுத்த பிஸ்கட் மாதிரி ஏதோ.

இறக்கிக் காட்டுங்கள் என்றேன்.
படகில் ஏறவேண்டிய நான்கு பேர்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
அந்தப் பார்வைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஏஜென்ட் கீர்த்திவாசன் போனில் வந்தார்.
"ஒரு நாள் நின்னா பதினெட்டு லட்சம் மேடம்.
பதினேழு போட்டுடுங்க,
பொறப்படறதுக்குள்ள சரி பண்ணிடுவாங்க, நான் பொறுப்பு."
கெட்ட மனிதர் அல்ல.
போன வருஷம் சம்பளம் வராமல் நங்கூரத்தில் கிடந்த
பதினோரு பேருக்கு
மண்ணடியிலிருந்து பிரியாணி அனுப்பியவர்.

பதினேழு என்று நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்.
அந்தக் கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.
ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகாததற்கு நான் காரணமில்லை என்பதுதான்
இன்னும் சில ராத்திரிகளில் என்னை எழுப்பிவிடுகிறது.

முப்பது என்று எழுதினேன்.
தடுத்து நிறுத்தப்பட்டது. தேதி, நேரம், முத்திரை.
கேப்டன் என் பேனாவையே வாங்கிக் கையெழுத்திட்டார்.
அவர் முகத்தில் இருந்தது கோபம் என்று நினைத்தேன்.
ஏணியில் பாதி இறங்கியபோதுதான் தோன்றியது,
அது வேறு ஏதோ.

கொடி கொடுத்த நாட்டுக்கு ஒரு நகல் போகவேண்டும்.
அனுப்புவோம். ஏழாவது மாடியிலிருந்து
தானாகவே ஒரு நன்றி வரும், அவ்வளவுதான்.
இந்த முறை மூன்றாம் நாள் தீவிலிருந்தே வந்தது.
செலேசி என்று ஒரு பெண், கடல் பாதுகாப்புப் பிரிவு.
"எங்கள் கப்பலை நிறுத்தியதற்கு நன்றி.
என் மேசையில் நானூறு கப்பல்கள் இருக்கின்றன,
ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை.
ஆட்கள் சாப்பிடுகிறார்களா?
இன்னொன்று, இது விசாரணைக்காக அல்ல.
அது என்ன நிறம்?"

ஜன்னலுக்குப் போனேன்.
குடோன் கூரைக்கு மேல் அதன் புகைபோக்கி மட்டும் தெரிந்தது.
பச்சை என்று டைப் செய்தேன்.
அழித்தேன்.
சாவியை எடுத்துக்கொண்டு
வெயிலில் இறங்கி நடந்தேன், மறுபடி பார்த்துவர.