ஆநிரை

ஓல்டன்பர்க் பக்கம் ஒரு சின்ன ரயில் நிலையம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, பிப்ரவரி.
தண்டவாளங்களுக்கு நடுவே பனி அழுக்காகக் கிடக்கிறது.
சரக்குப் பெட்டிகளின் கதவுகள் திறந்திருக்க
வரிசையில் நாற்பத்தொரு கறவை மாடுகள்,
கறுப்பும் வெள்ளையுமாய்.
ஒவ்வொன்றின் மூச்சும் தனித்தனிப் புகை.

வெண்டலின், மாவட்ட எழுத்தன்,
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டுப்
பேனா பிடித்திருக்கிறான்.
இடக்கால் வெர்தூனில், மீதி ஆள் இங்கே.
வயது, எடை, மடியின் நிலை.
பிரெஞ்சு மருத்துவர் காம்பு காம்பாகப் பிதுக்கிப் பார்க்கிறார்.
முரடர் இல்லை அவர்;
மாட்டுக்குக் குளிருமே என்று
கைகளை முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறார்.

உடன்படிக்கையில் இது எத்தனையாவது பிரிவு என்று
கெசினேவுக்குத் தெரியாது.
இன்று காலை கறந்தது மூன்று லிட்டர்,
நாளைக்குக் கறக்க ஏதுமில்லை,
தெரிந்தது அவ்வளவுதான்.
கணவன் பெயரைத் தேவாலயச் சுவரில் பொறித்திருக்கிறார்கள்.
சுவர் பால் தராது.
மகன் ட்யார்க்குக்கு ஏழு வயது. கயிற்றை விடமாட்டேன் என்கிறான்.
விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்கள்.
ரிக்ஸ்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை,
பெட்டிக்குள் வைக்கோல் இருந்தது.

எண் இருபத்தேழு, எழுதுகிறான் வெண்டலின்.
இடது காதில் பழைய கிழிசல்.

இந்தக் கணக்கின் முதல் பக்கம் வேறு ஊரில் இருந்தது.
மியூஸ் ஆற்றுக்கு அப்பால் எவரிஸ்டின் தொழுவம்
பதினான்காம் ஆண்டு ஆகஸ்டில்
ஒரே பிற்பகலில் காலியானது.
ஓட்டிப்போனவர்கள் ரசீது கொடுத்தார்கள்,
அவனுக்கு வாசிக்கத் தெரியாத ஜெர்மனில்.
போனவை பதினொன்று.
ஆறு வருடம் கழித்து வந்தது ஒன்று, காது கிழிந்தது.
தவிடு வைத்தான், கழுத்தைத் தடவினான்.
ரசீதை மட்டும் கிழிக்கவில்லை.

எங்கள் பழைய இலக்கணத்தில்
போர் தொடங்குவதே ஆநிரை கவர்வதில்தான்.
கவரப் போகிறவன் வெட்சி சூடுவான்,
மீட்க வருகிறவன் கரந்தை.
இங்கே யாரும் எதையும் சூடவில்லை.
பட்டப்பகலில், முத்திரை குத்தி,
சமாதானம் என்று தலைப்பிட்டு,
தொடக்கத்தில் செய்வதை முடிவில் செய்தார்கள்.

ட்யார்க் வளர்ந்தான், தண்ணீரில் வெந்த ஓட்ஸ் கஞ்சியில்.
ஒருநாள் சந்தைத் திடலில், பீர்ப் பீப்பாய் மேல் ஏறி
ஒருவன் கத்தினான்: உன்னிடமிருந்து எடுத்தார்கள்!
எதை என்று அவன் சொல்லவில்லை.
சொல்ல வேண்டியிருக்கவில்லை,
ட்யார்க்கின் உள்ளங்கையில் கயிறு இருந்தது.
அடுத்த வாக்கியத்தில்
மாட்டு வியாபாரி வால்ஹைமரின் பெயர் வந்தது.
வால்ஹைமர் எதையும் எடுத்தவர் இல்லை.
அந்தக் குளிர்காலத்தில் கெசினேவுக்குக்
கடனாக ஒரு கிடாரிக் கன்று கொடுத்தவர்,
வட்டி பற்றிப் பேச்செடுக்காதவர்.
ட்யார்க்குக்கு அது தெரியும்.
தெரிந்தே கைதட்டினான்.

நாற்பதாம் ஆண்டு, ஜூன். மியூஸுக்கு அப்பால்.
சீருடையில் ட்யார்க், கையில் பட்டியல்.
மாடுகளை எண்ணும்போது
ஒவ்வொன்றின் இடது காதையும் பார்க்கிறான்.
ரிக்ஸ்டா செத்துப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும்,
கணக்குத் தெரியாதவன் அல்ல அவன்.
ஆனாலும் பார்க்கிறான்.

கிழவனாகிப்போன எவரிஸ்ட் வீட்டுக்குள் போய்
நான்காய் மடித்த காகிதத்தோடு வருகிறான்.
இதற்கே இன்னும் பாக்கி, என்று விரலால் காட்டுகிறான்.
ட்யார்க் நிதானமாக வாசித்தான்.
சொந்த மொழி, யாரோ ஒருவனின் அழகான கையெழுத்து.
பிறகு, ரசீதுப் புத்தகம் தீர்ந்திருந்ததால்,
அதே தாளைத் திருப்பி
முழங்காலில் வைத்து எழுதினான்:
கறவை ஒன்பது, கன்று இரண்டு.

கையெழுத்துக்குக் கீழே
இன்னும் இரண்டு விரற்கடை இடம் இருந்தது.