இரண்டாம் இடம்

பதினைந்து வயதில்
தில்லைக்கரசியின் குதிகாலை மட்டுமே பார்த்து
ஓடியவள் நான்.
தேவனாம்பட்டினத்து ஈரமணலில், விடியுமுன்,
அவள் பதித்த தடத்தில் தண்ணீர் ஊறுவதற்குள்
என் கால் விழுந்தால்
அன்று நான் நன்றாக ஓடியிருக்கிறேன்.

மாநிலத் தங்கம் வாங்கிய வாரம்
பேருந்து நிலையத்தில் அவளுக்கு இருபதடி ஃப்ளெக்ஸ்.
பிறகு காலெலும்பில் மயிரிழை விரிசல்.
பிறகு இன்னொன்று.
பிஞ்சிலேயே வெம்பிவிட்டது என்றார்கள்,
ரொம்ப அக்கறையாக.
ஃப்ளெக்ஸை அவள் அப்பா
படகு எஞ்சின் நனையாமல் போர்த்தினார்.
மூன்று மழைக்காலம் அந்தச் சிரிப்பு
டீசல் வாடையில் கவிழ்ந்து கிடந்தது.

நேற்று பத்தாயிரம் மீட்டர். இருபத்தைந்து சுற்று.
மஞ்சக்குப்பம் பத்திர ஆபீசில்
மேசை இழுப்பறைக்குள் போனைச் சாய்த்து
சத்தமில்லாமல் பார்த்தேன்.
இருபத்தெட்டு வயது. மார்பில் ஒரு ஷூ கம்பெனியின் பெயர்.
அந்தப் பழைய பாய்ச்சல் இல்லை;
மாதக் கடைசியை அறிந்தவள் போல
எண்ணி எண்ணிச் செலவழித்து ஓடினாள்.
இருபத்திரண்டாம் சுற்றில்
முன்னால் போன கென்யப் பெண்ணைத் தாண்டினாள்.
அவ்வளவுதான்.
பிறகு யாராலும் பிடிக்க முடியவில்லை.

இரவு ஒரு வாய்ஸ் மெசேஜ்:
"கடைசி மூணு ரவுண்டு திரும்பியே பாக்கலடி.
பின்னால உன் மூச்சு கேட்டுச்சு."

மூக்கால் இழுத்து வாயால் விடும்
அந்த அசிங்கமான சத்தம்.
கோச் திட்டுவாரே, அது.

அந்த மூன்று சுற்றிலும் நான்
யாரோ அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு
கட்டைவிரல் பிடித்து மை ஒற்றிக்கொண்டிருந்தேன்.
கை நடுங்கி
ரேகை இரண்டாக விழுந்தது.